கல்லில் மூன்று சொற்கள்

பெரிய மாமா இறந்து இரண்டு மாதங்கள் ஆன பின்பு, அவருடைய கல்லறைக்குக் கல் வைப்பது பற்றிப் பேசுவதற்காக அத்தை வீட்டில் கூடியிருந்தோம். பாளையங்கோட்டையில் எங்களுக்கு வாய்த்த கல்வெட்டுக்காரர் எழுத்துக் கணக்கில் கூலி சொல்பவர். உயிர்மெய்க்கும் மெய்க்கும் ஒரே விலை, புள்ளிக்கு மட்டும் விலை இல்லை என்று அவர் விளக்கியபோது, துக்க வீடு என்பதையும் மறந்து சிலர் சிரித்துவிட்டார்கள். எந்த வசனத்தைப் பொறிப்பது என்ற கேள்விக்கு அத்தை யோசிக்கவே இல்லை. "என் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்றும், அவர் கடைசிநாளில் பூமியின்மேல் நிற்பார் என்றும் நான் அறிந்திருக்கிறேன்" என்னும் யோபு 19:25ஐத்தான் அவர் கேட்டார். வசனம் முழுவதும் கல்லில் அடங்காது என்று தெரிந்ததும், முதல் மூன்று சொற்கள் போதும் என்று முடிவாயிற்று.

அன்றிரவு அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். எங்கள் சபையில் அடக்க ஆராதனை தோறும் கேட்டுக் கேட்டு அந்த ஒரு வசனம் எனக்கு மனப்பாடம். ஆனால் அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், மக்களையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து புலம்பும் யோபு கல்வெட்டைப் பற்றியே பேசுகிறான் என்பது அன்றுதான் உறைத்தது. தன் வார்த்தைகள் எழுதப்பட வேண்டும், புஸ்தகத்தில் வரையப்பட வேண்டும், இரும்பு எழுத்தாணியாலும் ஈயத்தாலும் என்றைக்கும் நிற்கும்படி பாறையிலே வெட்டப்பட வேண்டும் என்று அவன் ஏங்குகிறான். எந்த வார்த்தைகள்? தேவன் என்னைக் கவிழ்த்தார், தம்முடைய வலையை என்மேல் வீசினார், கொடுமை என்று கூப்பிடுகிறேன், கேட்பார் ஒருவரும் இல்லை, நியாயவிசாரணை இல்லை என்று அதே அதிகாரத்தில் அவன் அடுக்கிய வார்த்தைகள். பாறையில் வெட்டப்பட வேண்டியவை அதற்குப் பின்வரும் வரிகளே என்று கொள்ளும் உரையாசிரியர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை, ஏனெனில் எபிரேயத்தில் 25ஆம் வசனம் "நானோ அறிந்திருக்கிறேன்" என்று ஓர் அழுத்தத்தோடு புதிதாகத் தொடங்குகிறது. தமிழில் அந்த "நானோ" காணாமற்போய், "நான்" வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டுவிட்டது. ஆக, அவன் வெட்டச் சொன்ன முறையீட்டை விட்டுவிட்டு, அடுத்த வரியை எடுத்துக் கிறிஸ்தவ உலகமே கல்லில் வெட்டிக்கொண்டிருக்கிறது. "நியாயவிசாரணை இல்லை" என்று பொறிக்கப்பட்ட கல்லறையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த வசனத்தின் முழுப் பாரமும் ஒரே சொல்லில் தங்கியிருக்கிறது. தமிழில் "மீட்பர்" என்று வருவது எபிரேயத்தில் "கோயேல்". சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓய்வுபெற்ற போதகர் ஒருவரிடம் சனிக்கிழமை மாலைகளில் எழுத்துக்கூட்டி எபிரேயம் படிக்கத் தொடங்கியபோது, முதலில் என்னைத் திகைக்க வைத்த சொற்களில் இதுவும் ஒன்று. இது பக்திச் சொல்லாகப் பிறந்ததன்று. ஒருவன் வறுமைப்பட்டுத் தன் காணியை விற்றுவிட்டால், அதைத் திரும்ப வாங்கிக் குடும்பத்துக்குள் சேர்க்கக் கடமைப்பட்ட நெருங்கிய உறவினனே கோயேல் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கே நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அவனை "இனத்தான்" என்கிறது. அதே சொல் ரூத்தின் புத்தகத்தில், விதவையான ரூத்தை மணந்து அவள் குடும்பத்தின் காணியை மீட்ட போவாசைக் குறிக்கும்போது "சுதந்தரவாளி" ஆகிறது. எண்ணாகமம் 35இல், கொல்லப்பட்டவனின் இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கும் உறவினனைக் குறிக்கும்போது "பழிவாங்குகிறவன்" ஆகிறது. ஏசாயாவில் கடவுளைக் குறிக்கும்போது "மீட்பர்". நான்கும் ஒரே சொல் என்பதைத் தமிழில் மட்டும் வாசிப்பவர் கண்டுபிடிக்க வழியே இல்லை. மொழிபெயர்த்தவர்களை இதற்காகக் குறைசொல்ல மாட்டேன். இடத்துக்கு இடம் வேறுபடும் ஒரு சொல்லை வேறு எப்படித்தான் கொண்டுவருவது? தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டு 1719இல் இறந்தார். போவாசின் கதையில் கோயேலைச் சந்தித்தவர் யோபின் கோயேல் வரைக்கும் வந்துசேரவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து சூல்ட்சே என்னும் மிஷனரி தொடர்ந்தார்.

ஆனாலும் "மீட்பர்" என்னும் தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால், அதற்குள்ளும் பழைய ஓசை கேட்கிறது. கோயிலுக்கு வெளியே நாம் எதை மீட்கிறோம்? அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஒத்திக்கு வைத்த வயலை மீட்கிறோம். "இரட்சகர்" என்ற வடசொல்லில் காப்பாற்றுதல் மட்டுமே இருக்கிறது. "மீட்பர்" என்பதிலோ நம்முடையதாக இருந்து கைமாறிப்போன ஒன்றைப் பணம் கட்டித் திருப்பிக்கொண்டுவரும் வேலை ஒளிந்திருக்கிறது. என் அப்பா இளவயதிலேயே இறந்த பின்பு அம்மாவுக்கென்று இருந்த சிறு வயல் ஒத்திக்குப் போயிற்று. ஆறு வருடங்கள் கழித்து அதை மீட்டுப் பத்திரத்தை அம்மாவின் கையில் கொடுத்தவர் இப்போது கல்லறையில் இருக்கும் பெரிய மாமாதான். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை, அவர் தாய்மாமன். சபையில் "மீட்பர்" என்ற சொல்லைக் கேட்கும்போது எங்களில் எவருக்கும் அந்த ஒத்திப் பத்திரம் நினைவுக்கு வந்ததில்லை என்பதை இப்போது வியப்போடு எண்ணிப் பார்க்கிறேன். லேவியராகமத்தைக் கேட்ட பழைய இஸ்ரவேலனுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும்.

இந்தப் பொருளோடு 19ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தால் அதன் கட்டமைப்பே வேறாகத் தெரிகிறது. கோயேலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், சகோதரர் தூரமாய்ப் போனதையும், பந்துஜனங்கள் விலகியதையும், சிநேகிதர் மறந்ததையும், வீட்டு வேலைக்காரர் அந்நியராய் எண்ணுவதையும் யோபு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். உறவு என்று ஒருவரும் மிஞ்சாத அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் "எனக்கு ஓர் உறவினன் உண்டு, அவன் உயிரோடிருக்கிறான்" என்கிறான். அந்த உறவினன் செய்ய வேண்டிய வேலையும் அங்கேயே இருக்கிறது. "நிற்பார்" என்று நாம் வாசிக்கும் எபிரேய வினை, சாட்சி சொல்ல ஒருவன் எழுந்து நிற்பதற்கு உபாகமம் 19 பயன்படுத்தும் அதே வினை. நீதிமொழிகள் 23இல், திக்கற்ற பிள்ளைகளின் நிலத்தை அபகரிப்பவனை எச்சரித்து, அவர்களுடைய மீட்பர் வல்லவர், அவர் உன்னோடு அவர்களுக்காக வழக்காடுவார் என்று சொல்லப்படும்போதும் இதே கோயேல்தான். யோபு தேடுவது வழக்காடத் தெரிந்த ஓர் உறவினனை.

அவன் இதைத் திடீரென்று கேட்கவுமில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில், தன்மீதும் கடவுள்மீதும் ஒருசேரக் கைவைக்கத்தக்க மத்தியஸ்தன் இல்லையே என்று புலம்புகிறான். பதினாறாம் அதிகாரத்தில், "பூமியே, என் இரத்தத்தை மூடிப்போடாதே" என்று ஆபேலின் இரத்தத்தை நினைவூட்டும் குரலில் அலறிவிட்டு, தனக்குச் சாட்சி பரலோகத்தில் இருப்பதாகச் சொல்கிறான். இல்லாத மத்தியஸ்தன், மேலே இருக்கும் சாட்சி, உயிரோடிருக்கும் கோயேல் என்று படிப்படியாக ஏறுகிறது அந்தக் கவிதை. சிக்கல் எங்கே என்றால், அவன் வழக்குத் தொடுத்திருப்பதே கடவுள்மீதுதான். அப்படியானால் அந்த உறவினன் யார்? கடவுளுக்கு எதிராகக் கடவுளையே அழைக்கிறான் என்பார் சிலர். பரலோக சபையில் அவனுக்காகப் பேசும் மூன்றாம் ஒருவர் என்பார் வேறு சிலர். டேவிட் கிளைன்ஸ் என்னும் அறிஞர் இன்னும் ஒரு படி போய், அந்தக் கோயேல் யோபின் கூக்குரலேதான், மண் மூடிவிடாமல் மேலே போய்ச் சேர்ந்த அந்த அலறலே அவனுடைய உறவினன் என்று வாசித்தார். கவிதையாக எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு அது. ஆனால் தனக்குத் தானே எவனும் கோயேலாக இருக்க முடியாது என்பதால், அதை முழுவதும் ஏற்க மனம் வரவில்லை.

கிறிஸ்தவ மரபு இந்தக் கேள்விகளில் தங்காமல், வேறொரு கேள்விக்கு விடையாக இந்த வசனத்தை எடுத்துக்கொண்டது. மரித்தோர் எழுவார்களா என்பதே அந்தக் கேள்வி. யோபின் கிரேக்க மொழிபெயர்ப்பின் முடிவில், கர்த்தர் எழுப்புகிறவர்களோடு அவன் மறுபடியும் எழுந்திருப்பான் என்று எழுதியிருக்கிறது என்னும் ஒரு குறிப்பு எபிரேயத்தில் இல்லாமல் சேர்ந்திருக்கிறது. முதல் நூற்றாண்டின் முடிவில் ரோமாபுரியிலிருந்து கொரிந்து சபைக்குக் கிளெமெந்து எழுதிய நிருபம், உயிர்த்தெழுதலுக்குச் சான்றாக யோபின் இந்தப் பகுதியைக் காட்டுகிறது. ஜெரோம் இலத்தீனில் மொழிபெயர்த்தபோது, கோயேல் எழுந்து நிற்பதற்குப் பதிலாக "கடைசி நாளில் நான் மண்ணிலிருந்து எழுந்திருப்பேன்" என்று யோபையே எழுப்பிவிட்டார். கிறிஸ்துவுக்குப் பின் வந்த எவரும், கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த இவனைப்போல் உயிர்த்தெழுதலை வெளிப்படையாகப் பேசியதில்லை என்று அவர் பெருமிதமும் கொண்டார். லூத்தர் "அவர் என்னைப் பின்பு மண்ணிலிருந்து எழுப்புவார்" என்று ஜெர்மனில் எழுதினார். நம்முடைய "கடைசிநாளில்" என்பதிலும் இந்த நிழல் விழுந்திருக்கிறது. எபிரேயத்தில் "கடைசியானவர்" அல்லது "கடைசியில்" என்று பொருள்படும் ஒரு சொல் மட்டுமே உண்டு. "நாள்" அங்கே கிடையாது. ஜெரோமின் காலத்திலேயே வாழ்ந்த கிரேக்கப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம், யோபு உயிர்த்தெழுதலைப் பற்றி ஒன்றும் அறியாதவன், அறியாமலே அவ்வளவு பாடுகளையும் தாங்கினான் என்பதே அவன் பெருமை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ஒரே நூற்றாண்டில், ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்ன இரண்டு பெரியவர்கள் இப்படி நேரெதிராக வாசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. மரம் வெட்டப்பட்டாலும் துளிர்க்கும், மனுஷனோ படுத்தால் எழுந்திருக்கமாட்டான் என்று 14ஆம் அதிகாரத்தில் சொன்னவன் யோபுதானே என்று பார்க்கும்போது, நான் கிறிசோஸ்தோமின் பக்கம் சாய்கிறேன்.

26ஆம் வசனத்தில் தமிழ் தனக்கே உரிய ஒரு நேர்த்தியைக் காட்டுகிறது; இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. எபிரேய மூலத்தில் யோபு தன் மாம்சத்தினின்று கடவுளைக் காண்பேன் என்கிறான். உடலுக்குள் இருந்தபடி காண்பதா, உடலை விட்டு நீங்கிக் காண்பதா என்று "இருந்து" என்று பொருள்படும் அந்த எபிரேய முன்னொட்டை வைத்து முடிவுசெய்ய முடியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அடிக்குறிப்புக்கு அனுப்புகின்றன. நம்முடைய பழைய மொழிபெயர்ப்போ "நான் என் மாம்சத்தில் இருந்து தேவனைப் பார்ப்பேன்" என்கிறது. "இருந்து" என்பதை வினையெச்சமாகக் கொண்டால் உடலில் இருந்துகொண்டு என்று பொருள். ஐந்தாம் வேற்றுமையின் சொல்லுருபாகக் கொண்டால் உடலிலிருந்து நீங்கி என்றும் கொள்ளலாம். நடுவில் விடப்பட்ட ஓர் இடைவெளி வாசகரை முதல் பொருளை நோக்கித் திருப்புகிறது, இரண்டாவதையும் அடைத்துவிடவில்லை. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்களா, தமிழ் தானாகவே கொடுத்ததா என்று கேட்டால், தமிழ் கொடுத்தது என்றே சொல்வேன்.

இடைக்கால மேற்கத்திய சபை உயிர்த்தெழுதலை இந்த வசனத்தில் எவ்வளவு உறுதியாகக் கண்டதோ, அவ்வளவு உறுதியாக யோபின் முறையீட்டையும் கூடவே வைத்துக்கொண்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். இறந்தோருக்கான இலத்தீன் இரவு வழிபாட்டில் ஒன்பது வாசகங்கள்; ஒன்பதும் யோபிலிருந்து. என்னை ஏன் கருப்பையிலிருந்து வெளியே கொண்டுவந்தீர், நீர் ஏன் உமது முகத்தை மறைக்கிறீர் என்ற கேள்விகளெல்லாம் பிணத்தின் அருகே உரக்க வாசிக்கப்பட்டன. "என் மீட்பர்" வருவது எட்டாவது வாசகத்தில். அதற்கு முன்னால் ஏழு வாசகங்கள் கடவுளோடு வாதாடிய பிறகே அந்த நம்பிக்கை பேசப்பட்டது, அதன் பிறகும் இருளைப் பற்றிய ஒரு வாசகம் மிச்சம் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் யோபுக்கு முப்பத்தைந்து புத்தகங்களில் உரையெழுதிய போப்பாண்டவர் மகா கிரகோரி, வேதத்தை ஆட்டுக்குட்டி நடந்து கடக்கவும் யானை நீந்தவும் கூடிய ஓர் ஆறு என்றார். யோபைக் கிறிஸ்துவின் நிழலாக வாசித்தவர் அவர். அந்த வாசிப்பில் யோபின் முறையீடு மறைவதில்லை, ஏனெனில் சிலுவையிலும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற முறையீடு இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெப புத்தகம் 1549இல் வந்தபோது அடக்க ஆராதனை சுருங்கியது. யோபின் நீண்ட வாதம் போய், சவப்பெட்டிக்கு முன்னால் நடந்துகொண்டும் குழியருகே நின்றும் போதகர் சொல்லும் சில வாக்கியங்களாக அவன் மிஞ்சினான். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" அவற்றில் ஒன்று. "என் மீட்பர்" மற்றொன்று. திருநெல்வேலியில் நாங்கள் பெற்ற வழிபாட்டு மரபு அங்கிருந்து வருவதுதான்.

கடைசி அடியை எடுத்து வைத்தவர்கள் இறையியலாளர்கள் அல்லர். சார்ல்ஸ் ஜென்னென்ஸ் என்பவர் வேத வசனங்களை மட்டுமே கோத்துக் கொடுத்த "மேசியா" என்னும் பாடல் தொகுப்புக்கு இசையமைப்பாளர் ஹேண்டல் 1741இல் இருபத்து நான்கு நாட்களில் இசை அமைத்தார். அது 1742 ஏப்ரலில் டப்ளினில் முதலில் பாடப்பட்டது. அதன் மூன்றாம் பகுதி யோபின் இந்த வசனத்தோடு தொடங்குகிறது. ஜென்னென்ஸ் தன் சொல்லாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. யோபு 19:25, 26 முடிந்த கையோடு 1 கொரிந்தியர் 15:20ஐ, கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார் என்பதை, அதே பாடலுக்குள் வைத்துவிட்டார், அவ்வளவுதான். விளக்கவுரை ஒன்று எழுதியிருந்தால் மறுத்து வாதாடலாம். இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ராகத்தில் பாட வைத்தால் எப்படி மறுப்பது? கேட்பவரின் காதில் யோபின் கோயேல் அந்தக் கணத்திலேயே உயிர்த்த கிறிஸ்து ஆகிவிடுகிறார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 1762இல் திறக்கப்பட்ட ஹேண்டலின் பளிங்குச் சிலையும் இந்தப் பாடலின் ஏட்டோடுதான் நிற்கிறது. ஆக, யோபு கேட்டபடியே கல்லில் ஏறிவிட்டது, அவன் கேட்ட வரி மட்டும் அன்று.

இதையெல்லாம் எழுதுவதால் அந்த வசனத்தில் கிறிஸ்துவைக் காண்பது தவறு என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். நானும் அவரைத்தான் காண்கிறேன். கல்லறையைத் திறக்கும் கடைசி நாளின் வெற்றி வீரராக முதலில் காண்பதில்லை, உறவினராகவே காண்கிறேன். கோயேல் ஆவதற்குச் சட்டம் வைக்கும் முதல் தகுதி இரத்த உறவு. பணம் இருந்தாலும் அந்நியன் காணியை மீட்க முடியாது. அவன் விலைக்கு வாங்கத்தான் முடியும். கடவுள் ஏன் மனிதராக வேண்டும் என்று கான்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் 1098 வாக்கில் ஒரு நூல் முழுவதும் கேட்டு, மனிதனின் கடனை மனிதனே தீர்க்க வேண்டும், தீர்க்க வல்லவர் கடவுள் மட்டுமே என்று விடை சொன்னார். எபிரெயர் 2ஆம் அதிகாரம் அதையே இன்னும் வீட்டு மொழியில் சொல்கிறது: பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருந்ததால் அவரும் அப்படியே ஆனார், அவர்களைச் சகோதரர் என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் சுரண்டிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, சொந்தச் சகோதரர் விலகிப்போன அதே இடத்தில், "இவன் என் ஆள்" என்று சொல்ல ஒருவர் வெட்கப்படாமல் வருவதே யோபு கேட்டது என்றால், அவதாரம் என்னும் கோட்பாட்டுக்கு இதைவிடச் சரியான முன்னுரை வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கதையின் முடிவில் கடவுள் பேசுகிறார். யோபின் குற்றச்சாட்டுக்கு நேர் விடையாக ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அதுவரை யோபைக் குற்றம்சாட்டி வாதாடிய நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். வலை வீசினீர், நியாயம் இல்லை என்று சொன்னவனின் பேச்சைக் கடவுளே ஒப்புக்கொண்ட பிறகும், நாம் மட்டும் அதை இழவு வீட்டில் வாசிக்கக் கூசுகிறோம். அதற்குப் பின்புதான், அதுவரை காணாத சகோதர சகோதரிகளும் அறிமுகமானவர்களும் வந்து, யோபோடு உட்கார்ந்து சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் வளையமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மொய் எழுதிவிட்டுப் போகும் நம் சொந்தக்காரர்களை நினைக்காமல் அந்த வசனத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை.

மறுநாள் கல்வெட்டுக்காரரிடம் போனபோது, வசனத்தின் கீழே எண்ணையும் பொறிக்க வேண்டுமா என்று கேட்டார். எண்களுக்கும் எழுத்துக்கு உரிய அதே கூலி. "யோபு 19:25" என்று அத்தை எழுதிக் கொடுத்திருந்த தாளை அத்தையிடமே கேட்டுத் திருத்தி, "யோபு 19" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். கல்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் யாராவது வேதத்தைத் திறந்தால் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கட்டும் என்பது என் எண்ணம். இரண்டு எழுத்தின் கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார் அவர்.